எர்த்துதான், கரண்டு இல்ல

எங்கள் பக்கத்தில் ஷாக் அடிப்பதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஆளைத் தூக்கிப் போட்டால் "கரண்டு அடிச்சிட்டு". பிரிட்ஜ் கதவையோ கிரைண்டரையோ தொடும்போது சுரீரென்று கடித்தால் "எர்த்து அடிக்கு". முதலாவதற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டாவதற்கு ஒன்றும் கிடையாது. சாரல் நேரத்தில் எல்லா வீட்டிலும் அடிக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். எர்த்து என்பது கரண்டிலேயே இளைத்துப்போன ஒரு வகை, கடிக்கும், கொல்லாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். படித்து என்ன.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான். மாமி என்றால் என் மாப்பிள்ளையின் உம்மா, மாமியார். மாப்பிள்ளை அரபு நாட்டில் எலக்ட்ரீசியன். பெரிய பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவர். இந்த வீட்டுக்கும் ஒரு லீவில் வந்து அவரே வயரிங் செய்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி சுவிட்சுப் பெட்டியைக் காட்டி, "எம்மவன் இழுத்த வயரு" என்பார். அதனால் இந்த வீட்டில் எது கெட்டாலும் கெடலாம், வயரிங் மட்டும் கெடக் கூடாது.

சீசன் தொடங்கி மலையிலிருந்து காற்றும் சாரலும் இறங்கினால் எங்கள் வீட்டுத் தரை வேர்க்கும். துணி காயாது. சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும். வெளியூர்க்காரர்கள் இதற்காகத்தான் வண்டி பிடித்து வருகிறார்கள். அந்த இரண்டு மாதமும் எனக்கு அடுப்படிக்குள் போகப் பயம். பிரிட்ஜைத் தொட்டால் அடித்தது. கிரைண்டரைத் தொட்டால் அடித்தது. தேய்ப்புப் பெட்டி அடித்தது. ஒன்று அடித்தால் அது கெட்டுப்போயிற்று என்று சொல்லலாம். எல்லாம் அடிக்கிறது என்று சொன்னால் சொல்கிறவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்பார்கள். அப்படித்தான் ஆயிற்று.

"எல்லாருக்கும் எர்த்து அடிக்கு. உனக்கு மட்டும் கரண்டாபீசே எந்திரிச்சு வந்து அடிக்காக்கும்?" என்றார் மாமி.

"உங்களுக்கு அடிக்கலையா மாமி?"

"எனக்கு எங்க அடிக்கு? நானும் அதே பிரிட்ஜைத்தான தொடுதேன்."

அது உண்மைதான். அவருக்கு ஒருநாளும் அடித்ததில்லை.

எனக்கு ஒளு செய்துவிட்டு வந்தால்தான் அதிகமாக அடித்தது. தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் எல்லாம் கழுவுவது ஒளு. கழுவிய ஈரக் காலோடு அடுப்படிக்குள் வந்து, பால் எடுக்கப் பிரிட்ஜில் கை வைத்தால் தோள் வரைக்கும் ஏறும். இதை வெகுளியாக மாமியிடம் சொன்னது நான் செய்த முட்டாள்தனம். மாமி உடனே அதற்கு வேறு அர்த்தம் எடுத்துவிட்டார். தொழப் போகிற நேரம் பார்த்துத் தடுக்கிறது என்றால் அது கரண்டா இருக்குமா, ஷைத்தான் வேலைதான் என்றார். ஓதிப் பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப் போனார். அவர் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைப் பிரிட்ஜுக்குள்தான் வைத்திருந்தோம். எடுக்கப் போனேன். அடித்தது.

அதற்கடுத்த சாரலில் நரம்பு டாக்டரிடம் போனோம். கை மரமரப்பாக இருக்கிறதா, சுருக்சுருக்கென்று குத்துகிறதா, தூக்கம் வருகிறதா என்று அவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு வருசமா இப்படித்தான் டாக்டர், எதையும் தொட மாட்டேங்கா" என்று மாமி முந்திக்கொண்டார். மாப்பிள்ளை போனில், "டாக்டர் சொல்லுத மாதிரி கேளு, ஒண்ணும் யோசிக்காத" என்றார். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

மாத்திரை வேலை செய்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பயம் போயிற்று. பசி போயிற்று. யார் என்ன சொன்னாலும் பக்கத்து வீட்டு டிவி மாதிரிக் கேட்டது. ஷாக் மட்டும் போகவில்லை. அடிக்கும். கையை எடுக்க வேண்டும் என்று தோன்றும். அதற்கப்புறம்தான் கை வரும். ஒருநாள் கிரைண்டரில் அப்படிக் கை ஒட்டினாற்போல் நின்றது. இடது கையில் இருந்த மாவுச் சட்டி கீழே விழுந்து உடைந்தது. அரைத்த மாவு முழுவதும் தரையில். மாமி வாசலில் நின்று மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் மகனுக்குப் போன் போட்டார்.

முடிவு சீக்கிரமாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வடகரையிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உம்மா வீட்டில் இருந்து நன்றாகக் குணமான பிறகு திரும்பி வரலாம். குணமானாள் என்று யார் சொல்வது என்று யாரும் சொல்லவில்லை. மூளை சரியில்லை என்று ஒரு வீட்டிலிருந்து கிளம்பிப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அழுகை வர வேண்டும். வரவில்லை. பையில் துணி அடுக்கினேன்.

புதன்கிழமை மாத்திரை தீர்ந்தது. வாங்கத் தென்காசிக்குப் பஸ் ஏறினேன். அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் ஏறியவர்கள் பஸ் முழுக்க. எண்ணெயும் ஈரத்துண்டும் நாறின. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவிட்டு வெளியே வந்தால் எதிரே எலக்ட்ரிக் கடை. மாப்பிள்ளை வீடியோ காலில் வரும்போது இடுப்பில் ஒரு மீட்டர் தொங்கும். அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு என்று நம்பர் காட்டும். எவ்வளவு என்று எனக்கும் தெரிய வேண்டும்போல் இருந்தது. போகிறதுதான் போகிறோம், தெரிந்துகொண்டாவது போகலாம். ரோட்டைத் தாண்டினேன்.

"கரண்டு பாக்குற மீட்டரு இருக்கா அண்ணாச்சி?"

"டெஸ்டரா?" என்றார் கடைக்காரர்.

"டெஸ்டர் இல்ல. நம்பர் காட்டும்லா, அது."

"மல்டிமீட்டரா? எலக்ட்ரீசியனை அனுப்பி வைங்கம்மா. அவங்களுக்குத்தான் எது வேணும்னு தெரியும்."

"எலக்ட்ரீசியன் அரபு நாட்டுல இருக்காங்க. இதுக்காக பிளைட் ஏறி வரச் சொல்லவா?"

அவர் சிரித்துவிட்டார். மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு மஞ்சள் மீட்டரை எடுத்தார். உள்ளங்கை அளவுதான். நடுவில் ஒரு வட்டத் திருகு, சுற்றிலும் எண்கள், கீழே சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் ஊசி.

"இது காலேஜ் பிள்ளைய புராஜெக்ட்டுக்கு வாங்கிட்டுப் போறது. இருக்கதுலயே விலை கம்மி. வயரு மெலிசு, பெரிய வேலைக்கு ஆகாது. வீட்டுல என்ன பாக்கணும்?"

"எர்த்து அடிக்கு. எவ்வளவு அடிக்குன்னு பாக்கணும்."

"எல்லாருக்கும் அடிக்கா?"

"மாமிக்கு அடிக்காது."

"செருப்புப் போட்டிருப்பாவளோ?"

"வீட்டுக்குள்ள நாங்க யாரும் செருப்புப் போட மாட்டோம்," என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது.

மாமிக்குச் சர்க்கரை. உள்ளங்கால் மரத்துப்போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டுதான் நடப்பார். ஒளு செய்துவிட்டு வந்தாலும் நேராக அதற்குள்தான் காலை விடுவார். தொழும்போது மட்டும் கழற்றுவார். எனக்கு அடுப்படிக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை. மாமியுடையது செருப்பே இல்லை, அது மருந்துக் கணக்கு. அதைச் செருப்பென்று அந்த வீட்டில் யாரும் நினைத்தது கிடையாது. நானும்தான். இரண்டு வருடம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"எர்த்து அடிக்குன்னே சொல்லாதீங்கம்மா," என்றார் கடைக்காரர். "எர்த்து இருந்தா அடிக்காது. அது இல்லன்னாத்தான் அடிக்கும். ஊரு பூரா தலைகீழாச் சொல்லிட்டுத் திரியுதாவ."

எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். திருகை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். கறுப்பு ஊசியை ஈர மண்ணில் அடித்த கம்பியில் வைக்க வேண்டும். சிவப்பைப் பிரிட்ஜின் ஸ்க்ரூவில் வைக்க வேண்டும், பெயிண்டில் வைத்தால் காட்டாது. "ஊசி இரும்பைக் கையால தொட்டுராதீங்க. காலுல செருப்பு கட்டாயம்," என்றார்.

மாத்திரையும் மீட்டரும் ஒரே பையில் வீட்டுக்கு வந்தன.

முதலில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி அதில் வைத்துப் பார்த்தேன். 1.38 என்று காட்டியது. பேட்டரி மேலே 1.5 என்று எழுதியிருக்கிறது. கடிகாரம் ஒரு மாதமாகப் பிந்தி ஓடுவதற்குக் காரணம் தெரிந்தது. மீட்டர் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. அந்த வீட்டில் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள் அதுதான்.

மறுநாள் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம். கொல்லையில் எல்லா இடத்திலும் சிமெண்டு. முருங்கை மரத்தடியில் மட்டும் கொஞ்சம் மண் உண்டு. அங்கே ஒரு நீளமான கம்பியை அடித்து இறக்கினேன். அதிலிருந்து ஒரு பழைய வயரை அடுப்படிக்குள் இழுத்து வந்து கறுப்பு ஊசியில் சுற்றினேன். வெளியே போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு ஊசியைக் கதவு ஸ்க்ரூவில் வைத்தேன்.

127.

மாமி ஒளு செய்துவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்தார். முதலில் என் கால்தான் அவர் கண்ணில் பட்டது.

"அடுப்படிக்குள்ள செருப்பாட்டி? கிறுக்கு முத்திட்டா?" என்றார். பிறகு கையைப் பார்த்தார். "அது என்ன, சுகர் பாக்குற மிஷினா?"

"ஆமா. பிரிட்ஜுக்குப் பாக்குதேன்."

"எவ்வளவு இருக்கு?"

"நூத்தி இருபத்தேழு."

"சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா? எனக்கெல்லாம் அது இருந்தா டாக்டரு எந்திரிச்சு நின்னு கை குடுப்பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வோல்ட்டு மாமி. இந்த இரும்புல நூத்தி இருபத்தேழு வோல்ட்டு நிக்கி. உங்க பிள்ளைகிட்ட கேளுங்க, அது எர்த்தா கரண்டான்னு."

"கண்ட கடையில வாங்கிட்டு வந்த சாமானு அப்படித்தான் காட்டும்." மாமி நேராக வந்து பிரிட்ஜ் கைப்பிடியை முழுசாகப் பிடித்தார். "எங்க அடிக்கு? சொல்லு."

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க."

"இது செருப்பா? டாக்டரு எழுதிக் குடுத்தது."

"எழுதிக் குடுத்ததைக் கழட்டிட்டுத் தொடுங்க."

மாமி என்னை முறைத்தார். கையை எடுத்தார். ஒரு காலை உதறினார், இன்னொரு காலை உதறினார். ஒளு செய்த ஈரம் பாதத்தில் அப்படியே இருந்தது. தரையும் வேர்த்துக் கிடந்தது. அந்தக் கால்களுக்கு எதுவும் தெரியாது. "பாருட்டி, நல்லாப் பாரு" என்று கையை நீட்டினார்.

அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு தடவை அந்தத் தோளிலும் ஏறட்டும். அதற்கப்புறம் ஒரு பேச்சும் வேண்டாம், அண்ணன் வர வேண்டாம், பையைப் பிரித்துவிடலாம். மெயின் சுவிட்சு அடுப்படி வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மாத்திரை போட்டதிலிருந்து என் உடம்பு அவ்வளவு வேகமாக எதற்கும் அசைந்ததில்லை. சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

மாமி கைப்பிடியைப் பிடித்திருந்தார். "எங்கட்டி? ஒண்ணுமில்ல. ஒரு எழவும் இல்ல."

பிரிட்ஜின் உறுமல் நின்றிருந்தது. கூடத்து ஃபேன் சுற்றுவது குறைந்து குறைந்து நின்றது. மாமி தலையைத் திருப்பி ஃபேனைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அது இன்னும் சுவிட்சு மேலேயே இருந்தது.

"ஏன் மெயினை அமத்துன?"

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

"அமத்தாம இருந்தா?"

"தெரியாது மாமி."

அவர் கைப்பிடியை விட்டார். கையைச் சேலை முந்தானையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. செருப்பை ஒவ்வொன்றாகத் தேடிக் காலை விட்டார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கருந்து வருதுன்னு பாரு," என்றார்.

மெயினைப் போட்டேன். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிரைண்டரில் ஊசி வைத்தேன். அதே 127. பிரிட்ஜ் குற்றவாளி இல்லை. தேய்ப்புப் பெட்டியைப் பிடுங்கினேன். குறையவில்லை. கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே வாஷிங் மெஷின் இருக்கிறது. சாரல் நேராக அதன் முதுகில்தான் அடிக்கும். பிளக் எப்போதும் சொருகியே கிடக்கும். அதைப் பிடுங்கிவிட்டு வந்து பார்த்தேன். 3. மறுபடி சொருகினேன். 127. பிடுங்கினேன். 3. கணக்கில்லாமல் இப்படிச் செய்தேன். மாமி ஒவ்வொரு தடவையும் "எவ்வளவு?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

கொல்லையில் இருக்கிற மெஷின் அடுப்படியில் இருக்கிற கிரைண்டர் வழியாக எப்படி அடிக்கும்? எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது பிளக்கின் மூன்றாவது கால்தான். அந்தத் தடித்த கால். அதற்குப் பச்சை வயர் போகும் என்று மாப்பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லாப் பச்சை வயரும் ஒன்று சேர்ந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. கொல்லை முழுக்கச் சிமெண்டு. எங்கே இறங்கும்?

மெயினை அணைத்துவிட்டு, சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மூடியின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். மாமி டார்ச் பிடித்தார். உள்ளே எல்லாப் பச்சை வயரும் ஒன்றாக முறுக்கி, மடித்து, கறுப்பு டேப் சுற்றி, மூலையில் ஒதுக்கி வைத்திருந்தது. எங்கேயும் போகவில்லை. ஒரு மெஷினில் கசிந்த கரண்டை அது மண்ணுக்கு அனுப்பாமல் வீடு பூராவும் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறது.

டேப்பின் நுனி மடித்திருந்தது. மாப்பிள்ளை அங்கிருந்து அனுப்புகிற ஒவ்வொரு பெட்டியிலும் டேப் ஒட்டி, நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்து விடுவார். பிரிக்கிறபோது நகத்தால் சுரண்ட வேண்டாம் என்பதற்காக. பிறகு பிரிக்க வேண்டியதற்குத்தான் அப்படி மடிப்பார். மாமி டார்ச்சை அந்த நுனியிலேயே வைத்திருந்தார். அவரும் அந்தப் பெட்டிகளைப் பிரித்தவர்தானே.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மச்சான், மெயின் பெட்டிக்குள்ள பச்சை வயரை மடிச்சு டேப்பு சுத்தியிருக்கு."

"நீ எதுக்குட்டி அதைத் திறந்த? உயிர் போயிரும்லா!"

"எர்த்துக் குழி எங்க?"

அங்கே எதையோ டிரில் போட்டுத் துளைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த லீவுல நாள் பத்தல. அடுத்த லீவுல தோண்டிக்கிடலாம்னு வச்சேன். பொறவு சிமெண்டு போட்டாச்சு."

"அதுக்குப் பொறவு ரெண்டு லீவு வந்துட்டுப் போனீங்க. நான் அடிக்கு அடிக்குன்னு சொன்னப்ப இது ஞாபகம் இருந்துச்சா?"

"லேசா எர்த்துதான் அடிக்கும்னு நினைச்சேன்."

எலக்ட்ரீசியன். அவரும் அதையேதான் சொன்னார்.

மாமி போனை என் கையிலிருந்து வாங்கினார். "ஏலே, அங்கன அரபிக்காரன் கட்டடத்துல எர்த்து போடாம விட்டுட்டு வருவியாலே?"

"அது எப்படி உம்மா? ஒத்துக்கிட மாட்டான். செக்கிங் இருக்கு."

மாமி போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆட்டோவோடு வந்து நின்றான். என் பை கூடத்தில் இருந்தது. மாமி அவனுக்கு டீ கொடுத்து, கையில் கடப்பாரையைக் கொடுத்தார். "முருங்கை மூட்டுல ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு குழி தோண்டு," என்றார். அவன் என்னைப் பார்த்தான். எனக்குக் கிறுக்கு என்று சொல்லித்தானே கூப்பிட்டிருந்தார்கள், அவனுக்கு மாமி மேலேயே சந்தேகம் வந்திருக்கும். ஆட்டோவை அனுப்பிவிட்டுத் தோண்டினான். உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடி, டேப்பைப் பிரித்துப் பச்சை வயரை அதில் சேர்த்தார். வாஷிங் மெஷினையும் பழுது பார்த்தார். நான் மீட்டரை எடுத்து வந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். 0. 0. 0. அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் போனான்.

யாரும் என்னிடம் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது மாமி முந்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "மருமவ இப்ப எப்படி இருக்கா? தெளிஞ்சிட்டாளா?" என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"அவளுக்கு என்ன? அவ நல்லாத்தான் இருக்கா," என்றார் மாமி. "வீட்டுக்குத்தான் எர்த்து இல்லாம இருந்துச்சு."

நான் அப்போது மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு எனக்குள் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை நின்று இப்போது மாதங்கள் ஆகின்றன. மாப்பிள்ளை அடுத்த லீவுக்கு வருவதாகச் சொல்கிறார். வாங்க என்றேன், சுவிட்சுப் பெட்டியில் கை வைக்காதீங்க என்றேன். மீட்டர் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. வாசலை ஒட்டி எனக்கென்று ஒரு ரப்பர் செருப்பு கிடக்கிறது, மாமிதான் வாங்கி வந்து போட்டார். காலையில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூவில் ஊசியை வைத்து, சைபர் வந்த பிறகுதான் பிரிட்ஜைத் திறக்கிறேன். மாமி நாற்காலியில் இருந்தபடி "எவ்வளவு?" என்று கேட்பார். நான் சொல்வேன்.